செயற்கைக்கோள் அளவீட்டை வானிலை மாடலுக்குள் கொண்டுபோவது எப்படி?

செயற்கைக்கோள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுழலும் புயலின் படம்தான். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மழை வருமா வராதா என்று சொல்கிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கப் படம் போதும், சரி. ஐந்து நாள் கழித்து என்ன ஆகும் என்று சொல்வது கணினியில் ஓடும் மாடல். அதற்குப் படம் பார்க்கத் தெரியாது, எண் வேண்டும். இந்த நிமிடம் வளிமண்டலத்தின் ஒவ்வோர் உயரத்திலும் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில் என்று முதலில் கொடுத்தால்தான் மேற்கொண்டு கணக்குப் போடும்.

அந்தத் தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆங்கிலேய வானிலை அறிஞர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனே சாட்சி. 1910 மே 20 அன்றைய அளவீடுகளை வைத்துக்கொண்டு, கையாலேயே கணக்குப் போட்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று பார்த்தார். வந்த விடை 145 ஹெக்டோபாஸ்கல். உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. 1922இல் புத்தகம் போட்டபோது அந்தத் தோல்வியையும் மறைக்காமல் அப்படியே போட்டார், பெரிய மனசு. சமன்பாடுகள் மேல் குற்றமில்லை, தொடக்கத்தில் கொடுத்த காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததுதான் வினை என்று பிற்பாடு தெரிந்தது.

இன்று அந்தத் தொடக்க நிலையைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பங்கு செயற்கைக்கோள்களுடையது. பலூன் விட்டு அளக்கும் நிலையங்கள் நிலப்பரப்பில்தான் அதிகம். கடல் முழுக்க வெறுமை. அந்த வெறுமையை நிரப்புகிற தரவை எடுத்து, சுத்தம் செய்து, மாடலுக்குள் சேர்ப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் டபிள்யூஆர்எஃப் மாதிரியான மாடலைச் சொந்தமாக ஓட்டிப் பார்க்கும் மாணவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் பெரிய வானிலை மையங்களிலும் வேலை இதே வரிசையில்தான் நடக்கிறது. கணக்கு கொஞ்சம் வரும், பள்ளிக் கணக்கைத் தாண்டாது.

படி 1: செயற்கைக்கோள் (இனி சுருக்கமாகக் கோள்) அளப்பது எதை?

வெப்பநிலையை அது அளப்பதில்லை. இதை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளாமல் மேலே போனால் பின்னால் எல்லாமே குழம்பும். 800 கிலோமீட்டருக்கும் மேலே ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்கு வந்து சேர்வது கதிர்வீச்சு மட்டும். அந்தக் கதிர்வீச்சு எந்த உயரத்திலிருந்து வந்தது, வழியில் எது உறிஞ்சியது என்பதிலிருந்து வெப்பநிலையை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

கலங்கிய குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக இருந்தால் அடி மண் வரை தெரியும், ரொம்பக் கலங்கியிருந்தால் மேல்பரப்போடு சரி. காற்று நிறத்துக்கு நிறம், அதாவது அலைநீளத்துக்கு அலைநீளம், இப்படி மாறுகிறது. ஆக்சிஜன் 50 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மைக்ரோவேவை உறிஞ்சும். அந்தப் பட்டையின் நடுவே போகப்போகக் குளம் கலங்குகிறது, ஓரத்துக்கு வரவர தெளிகிறது. அதனால் பட்டைக்குள் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பல சேனல்களை (சேனல் என்றால் கருவி கேட்கும் ஒரு குறுகிய அலைவரிசை) வைத்தால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தைப் பார்க்கும். 1998 முதல் பறக்கும் அம்சு-ஏ என்ற கருவியில் 15 சேனல்கள். உயரத்தை இங்கே காற்றழுத்தத்தால் சொல்வார்கள், எண் குறையக் குறைய உயரம் கூடும். 5ஆவது சேனல் தோராயமாக 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தையும் 6ஆவது 400ஐ ஒட்டியும் 9ஆவது 90ஐ ஒட்டியும் அதிகமாக உணரும். 'ஒட்டியும்' என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தச் சேனலும் ஒரே மட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை, பல கிலோமீட்டர் தடிமனான அடுக்கின் கலவையைத்தான் பார்க்கிறது. இரண்டு கிலோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய வெப்ப அடுக்கு இருந்தால் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஈரப்பதத்துக்கு 183 கிகாஹெர்ட்ஸ் அருகே நீராவியின் பட்டை. அகச்சிவப்பில் கார்பன் டை ஆக்சைடின் 15 மைக்ரான் பட்டை வெப்பத்துக்கு, 6.3 மைக்ரானை ஒட்டிய பட்டை ஈரத்துக்கு. 2002இல் அக்வா கோளில் போன ஏர்ஸ் கருவிக்கு 2,378 சேனல்கள், 2006இல் மெட்ஆப்-ஏ கோளில் போன ஐயாசிக்கு 8,461. அத்தனை சேனல் இருந்தால் அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது நிறையவே எளிதாகிறது. ஆனால் மேகம் வந்தால் அகச்சிவப்புக்குக் கண் கட்டிவிடும். மைக்ரோவேவ் மேகத்தை ஊடுருவும், கனமழையில் அதுவும் தடுமாறும். இரண்டும் வேண்டும் என்பது அதனால்தான்.

இதில் சேராத மூன்று வகைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் சிக்னல் வளிமண்டலத்தின் விளிம்பை உரசிக்கொண்டு வரும்போது எவ்வளவு வளைகிறது என்று இன்னொரு கோளிலிருந்து அளப்பது ஒன்று (2006இல் ஆறு கோள்களாகப் போன காஸ்மிக் இதற்குத்தான்). கடல்பரப்பின் சிற்றலைகளில் ரேடார் அலை சிதறுவதை வைத்துக் கடல்மேல் காற்றைச் சொல்லும் ஸ்கேட்டரோமீட்டர் இன்னொன்று. பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைக் கோள்களின் அடுத்தடுத்த படங்களில் மேகம் நகர்ந்த தூரத்தை வைத்துக் காற்றைக் கணிப்பது மூன்றாவது. உயரத்துக் காற்றை லேசர் விட்டு நேரடியாக அளந்த ஏயோலஸ் 2018இல் போய் 2023இல் முடிந்துவிட்டது. அதுபோல இன்னொன்று எப்போது வரும் என்று காத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

படி 2: எந்தத் தரவை எடுப்பது?

இங்கே ஒரே ஒரு முடிவுதான் முக்கியம். செயற்கைக்கோள் தரவு இரண்டு ரூபங்களில் கிடைக்கும். ஒன்று, கருவி பார்த்த கதிர்வீச்சு, வழக்கமாகக் கெல்வினில் ஒளிர்வு வெப்பநிலையாக (இவ்வளவு கதிர்வீச்சு வர எவ்வளவு சூடு வேண்டும் என்ற எண்ணாக) மாற்றிக் கொடுத்திருப்பார்கள். இன்னொன்று, யாரோ ஏற்கெனவே கணக்குப் போட்டு 'இந்த உயரத்தில் இந்த வெப்பம்' என்று சமைத்து வைத்தது. சமைத்தது சுலபமாகத் தெரியும், பலூன் தரவு போலவே இருக்கும், அப்படியே ஊற்றிவிடலாம் என்று தோன்றும். ஊற்றாதீர்கள். தடிமனான அடுக்குகளிலிருந்து மெல்லிய மட்டங்களைப் பிரித்தெடுக்க அவர்கள் ஏதோ ஒரு முன் ஊகத்தை, பெரும்பாலும் இன்னொரு மாடலின் ஊகத்தை, உள்ளே கலந்திருப்பார்கள். அந்த மாடலின் பிழையும் கூடவே உங்கள் மாடலுக்குள் வந்து உட்காரும், எது அளவீடு எது ஊகம் என்று பிரிக்கவும் முடியாது.

1990களின் நடுவில் பெரிய மையங்கள் சமைத்ததை விட்டு நேரடிக் கதிர்வீச்சுக்கு மாறின. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் தென்னரைக்கோளத்துக்கான கணிப்பு மளமளவென்று முன்னேறி, பலூன் நிலையங்கள் நிறைந்த வடவரைக்கோளத்தோடு ஏறக்குறைய சமமாக வந்துவிட்டது. பெரும்பாலும் கடலாகவே கிடக்கும் அந்தப் பக்கத்தில் நடந்த இந்த முன்னேற்றத்தில் செயற்கைக்கோளுக்குத்தான் பெரும்பங்கு.

அமெரிக்காவின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா, உலக மாடலுக்குத் தான் பயன்படுத்தும் கதிர்வீச்சுத் தரவை ஆறு மணி நேரத் தொகுப்புகளாக இலவசமாகவே வெளியிடுகிறது. பஃபர் என்ற வடிவத்தில் இருக்கும், கண்ணால் திறந்து படிக்க முடியாது, டபிள்யூஆர்எஃப்பின் துணை மென்பொருள் படித்துக்கொள்ளும். முதல் முறைக்கு மைக்ரோவேவ் வெப்பநிலை சேனல்களை மட்டும் எடுங்கள். ஐயாசியின் ஆயிரக்கணக்கான சேனல்களில் முதல் நாளே கை வைத்தால் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

படி 3: மாடலைக் கோளாக நடிக்க வையுங்கள்

சமைக்காத கதிர்வீச்சை வெப்பநிலையோடு எப்படி ஒப்பிடுவது? ஒப்பிட வேண்டாம், மாடலைக் கோளின் பக்கம் இழுத்து வந்துவிடலாம். ஆறு மணி நேரத்துக்கு முன் ஓட்டிய மாடல் 'இப்போது வளிமண்டலம் இப்படி இருக்கும்' என்று ஓர் ஊகம் வைத்திருக்கும். அந்த ஊக வளிமண்டலத்துக்கு மேலே நம் கோள் பறந்தால் அதன் கருவி என்ன எண்ணைக் காட்டும் என்று கணக்கிட மென்பொருள்கள் இருக்கின்றன: ஐரோப்பியர்களின் ஆர்டிடவ், அமெரிக்கர்களின் சிஆர்டிஎம். டபிள்யூஆர்எஃப்பில் எதையும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

கோள் காட்டிய எண்ணிலிருந்து மாடல் நடித்துக் காட்டிய எண்ணைக் கழித்தால் வருவதற்கு 'ஓ மைனஸ் பி' என்று பெயர் (ஓ என்றால் அளவீடு, பி என்றால் மாடலின் பின்னணி ஊகம்). இந்தத் துறையில் இருப்பவர்கள் காலையில் வந்ததும் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இனி இந்தக் கட்டுரை முழுக்க இதைச் சுற்றித்தான்: கோள் சொல்வது 251.3 கெல்வின் என்பதில் ஒன்றும் இல்லை, நாம் எதிர்பார்த்ததை விட 0.4 கூடுதல் என்பதில்தான் செய்தி இருக்கிறது. அந்த 0.4 எதனால் வந்தது? மாடல் தப்பா, மேகமா, கருவியின் பழக்க தோஷமா? அடுத்த மூன்று படிகளும் இதைப் பிரிக்கத்தான்.

இங்கே நான் வாங்கிய அடி ஒன்று. டபிள்யூஆர்எஃப்பில் மாடலின் உச்சி இயல்பாக 50 ஹெக்டோபாஸ்கலில் இருக்கும், அதற்கு மேலே மாடலுக்கு உலகமே கிடையாது. அம்சுவின் 10ஆவது சேனலிலிருந்து மேலே எல்லாம் பெரும்பாலும் அந்த இல்லாத உலகத்தைப் பார்க்கும் சேனல்கள். நான் 12 வரை திறந்துவிட்டேன். மாடல் தனக்குத் தெரியாத உயரத்தின் பிழையை எல்லாம் தனக்குத் தெரிந்த மேல் அடுக்குகளில் போட்டுத் தீர்த்துக்கொண்டது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவைச் சேர்த்துச் சேர்த்து ஓட்டிய மூன்று நாள் சுழற்சியில் மேலடுக்கு தாறுமாறாகச் சூடேறி, கணிப்பு முழுக்க நாசம். இரண்டு வாரம் சாய்வுத் திருத்தத்தை (படி 6இல் வரும்) சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், கோளாறு இருந்தது கூரையில். உச்சி 50இல் இருந்தால் 5 முதல் 8 வரை சேனல்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உயரமான மலைப்பகுதிகளில் 5ஐயும் விட்டுவிடுங்கள், தரை அதற்குள் எட்டிப்பார்க்கும்.

படி 4: மேகத்தையும் மழையையும் தள்ளிவையுங்கள்

தரையை நேராகப் பார்க்கும் ஜன்னல் சேனல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அகச்சிவப்பில் 11 மைக்ரான். தெளிந்த வானம் என்று வைத்து மாடல் 295 கெல்வின் என்கிறது, கோள் 271 என்கிறது. 24 கெல்வின் வித்தியாசம் எந்த மாடலுக்கும் வராது. நடுவில் குளிர்ந்த மேகத் தலை நிற்கிறது, அவ்வளவுதான். இந்தப் புள்ளியைத் தூக்கி எறியலாம். ஐயாசி போன்றவற்றில் இன்னும் நயமாகச் செய்யலாம்: மேகம் தாழ்வாக இருந்தால், அதற்கு மேலே உள்ள அடுக்கை மட்டும் பார்க்கும் சேனல்களுக்கு மேகம் தெரியாது, அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விட்டுவிடலாம்.

ஆபத்தானது 24 கெல்வின் மேகம் இல்லை, 0.5 கெல்வின் மேகம். உயரத்தில் மெல்லிய சிர்ரஸ் மேகம் ஒன்று சேனலை அரை கெல்வின் குளிர்வித்தால், மாடலின் சாதாரணப் பிழை போலவே தோன்றும், சோதனையைத் தாண்டிவிடும், அங்கே வளிமண்டலம் குளிர்ந்திருக்கிறது என்று மாடல் நம்பிவிடும். அதனால் மேகச் சோதனையைக் கொஞ்சம் கொடூரமாகவே வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். மைக்ரோவேவுக்குக் கடல்மேல் மேகத் திரவ நீரின் அளவு 0.2 மில்லிமீட்டரைத் தாண்டினால் தாழ்ந்த சேனல்களை விடுவது டபிள்யூஆர்எஃப்பில் வழக்கம். இதற்கெல்லாம் பிறகு, ஓ மைனஸ் பி 15 கெல்வினுக்கு மேல் போனாலோ நீங்கள் எதிர்பார்க்கும் பிழையின் மூன்று மடங்கைத் தாண்டினாலோ அதுவும் வெளியே.

மழையையும் மேகத்தையும் தள்ளிவிட்டால் வானிலை அதிகம் நடக்கும் இடத்தையே தள்ளிவிடுகிறோமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2009 முதல் ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் மேகமும் மழையும் உள்ள மைக்ரோவேவையும் சேர்த்தே உள்ளே எடுக்கத் தொடங்கி, படிப்படியாகப் பல கருவிகளுக்கு விரித்திருக்கிறது. ஆனால் அதற்கு மாடலின் மேகம் நன்றாக இருக்க வேண்டும், பிழைக் கணக்கை மேகத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். முதல் முயற்சிக்கான வேலை அது கிடையாது.

படி 5: நெருக்கத்தைக் குறையுங்கள்

இது சின்ன வேலை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் பிழைகள் ஒன்றோடொன்று கூட்டாளிகள். ஒரே தப்பைப் பத்துப் பேர் சொன்னால் மாடல் அதைப் பத்துத் தனிச் சாட்சி என்று எடுத்துக்கொள்ளும். அதனால் 60 முதல் 120 கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்று சல்லடை போட்டுவிடுங்கள். இத்தனை கோடி செலவில் பறக்கும் கோளின் தரவை வீசி எறிகிறோமே என்று மனசு கேட்காது. பெரிய மையங்களிலும் வந்து சேரும் தரவில் சிறு பங்குதான் உள்ளே போகிறது.

படி 6: கருவியின் சாய்வைத் திருத்துங்கள்

இதைப் பொறுமையாகப் படியுங்கள், இதில் தப்பினால் மற்ற எல்லாம் வீண்.

ஆயிரக்கணக்கான தெளிந்த புள்ளிகளுக்கு ஓ மைனஸ் பி எடுத்து வரைபடமாகப் போடுங்கள். மணி வடிவம் வரும். அதன் நடு பூஜ்யத்தில் இருக்க வேண்டும், இருக்காது, உதாரணத்துக்கு 0.6இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்க மாடல் ஒரே மாதிரி 0.6 குளிர்ந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆக இது பெரும்பாலும் கருவியின் வழக்கமோ கதிர்வீச்சுக் கணக்கின் வழக்கமோ. அப்படியே உள்ளே விட்டால் மாடலை ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் ஒருமுறை சூடேற்றிக்கொண்டே இருக்கும். மாடலின் அன்றாடப் பிழை அரை கெல்வின் அளவுதான் என்பதால், 0.6 சாய்வு நாம் தேடும் செய்தியை விடப் பெரியது!

சாய்வு ஒரே எண்ணாகவும் இருக்காது. கருவி பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கும்போது ஒரு மாதிரி, நேர் கீழே பார்க்கும்போது ஒரு மாதிரி, ஈரமான காற்றில் ஒரு மாதிரி, வறண்ட காற்றில் ஒரு மாதிரி. அதனால் ஒரு நிலை எண், பார்வைக் கோணம், கீழடுக்கு மேலடுக்குகளின் தடிமன், தரை வெப்பம், மொத்த நீராவி ஆகியவற்றைக் கொண்ட சிறு சமன்பாடாக எழுதி, அதன் குணகங்களைத் தரவு உள்ளே போகும் அதே கணக்கிலேயே ஒவ்வொரு சுழற்சிக்கும் புதுப்பித்துக்கொள்ள விடுவார்கள். இதற்கு வார்பிசி என்று பெயர். புதிதாகத் தொடங்கும்போது குணகங்கள் நிலைகொள்ள இரண்டு முதல் நான்கு வாரச் சுழற்சி வேண்டும், முதல் நாளே கணிப்பைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சிறிய பகுதிக்கு மட்டும் மாடல் ஓட்டினால் இன்னும் பொறுமை தேவை: துருவச் சுற்றுப்பாதைக் கோள் ஒன்று சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று, ஒரு நாளைக்கு 14 சுற்று போனாலும் உங்கள் பகுதிக்கு மேலே இரண்டு முறைதான் வரும்.

ஒரு பொறி இருக்கிறது. மாடலே தப்பாக இருந்து கோள் சரியாக இருந்தால்? திருத்தம் கோளை மாடலின் தப்புக்கு வளைத்துவிடும், ஓ மைனஸ் பி அழகாகப் பூஜ்யத்தில் உட்காரும், நீங்களும் சந்தோஷப்படுவீர்கள், யாருக்கும் தெரியாது. இதைத் தடுக்க நங்கூரம் வேண்டும். பலூன் ஒரு நங்கூரம். ஜிபிஎஸ் வளைவு இன்னொன்று. அது அடிப்படையில் நேரத்தை அளக்கும் கருவி, அணுக் கடிகாரத்தை நம்பி நிற்கிறது, அதனால் அதைத் திருத்தாமலேயே உள்ளே விடுகிறார்கள். எண்ணிக்கையில் கதிர்வீச்சுத் தரவுக்குப் பக்கத்திலேயே வராத ஜிபிஎஸ் வளைவுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான். முடிந்தால் உங்கள் ஓட்டத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: யாரை எவ்வளவு நம்புவது?

இப்போது மாடலும் கோளும் ஒரே மேசையில். ஒரே ஒரு புள்ளியில், எளிதான கற்பனை எண்களோடு, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாடல் ஊகம் 250.0 கெல்வின், அதன் பிழை 1. கோள் சொல்வது 252.0, அதன் பிழை 2. பிழைகளை வர்க்கமாக்குங்கள்: 1, 4. கோளுக்குக் கொடுக்கும் எடை, மாடலின் வர்க்கத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது: 1 ÷ (1 + 4) = 0.2. வித்தியாசம் 2, அதில் 0.2 பங்கு 0.4. ஆகப் புதிய மதிப்பு 250.4, அதன் பிழை 0.89. கோளை ஐந்தில் ஒரு பங்குதான் நம்பினோம், அப்படியும் பிழை 1லிருந்து இறங்கிவிட்டது.

அதே இடத்தில் கருவி தயாரித்தவர் கொடுத்த இரைச்சல் அளவு 0.25 கெல்வின்தானே என்று அதையே பிழையாகப் போட்டால்? எடை 0.94 ஆகும், விடை 251.9. மாடலைக் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடுவீர்கள். கருவியின் இரைச்சல் மட்டுமே பிழை கிடையாது. கதிர்வீச்சுக் கணக்கின் பிழை, தப்பிவந்த மேகம், 48 கிலோமீட்டர் அகலப் புள்ளியை மாடலின் சிறு கட்டத்தோடு ஒப்பிடுவதில் வரும் பிழை எல்லாம் சேர்ந்ததுதான் கோளின் பிழை. புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சந்தேகமாக இருந்தால் பிழையைக் கூட்டிப் போடுங்கள், குறைத்துப் போடாதீர்கள்.

இது ஒரு புள்ளி. உண்மையில் ஒரு புள்ளியில் வந்த செய்தி சுற்றுப்புறத்துக்கும் பரவ வேண்டும், வெப்பம் மாறினால் காற்றும் அதற்கேற்ப மாற வேண்டும் (ரிச்சர்ட்சனுக்கு நடந்தது நினைவிருக்கிறதா). அதை முடிவு செய்வது பின்னணிப் பிழை அட்டவணை. ஒரே நேரத்துக்கான 48 மணி நேரக் கணிப்பையும் 24 மணி நேரக் கணிப்பையும் கழித்து, ஒரு மாத அளவு சேர்த்தால் மாடல் எங்கே எப்படித் தப்புச் செய்யும் என்று ஒரு கணக்குக் கிடைக்கும். மென்பொருளோடு வரும் பொது அட்டவணையை நம்பாமல் உங்கள் பகுதிக்கு நீங்களே செய்துகொள்ளுங்கள்.

செய்து முடித்ததும் ஒற்றை அளவீட்டுச் சோதனையைக் கட்டாயம் ஓட்டுங்கள். எல்லாத் தரவையும் நிறுத்திவிட்டு, நடுவில் 500 ஹெக்டோபாஸ்கலில் 1 கெல்வின் கூடுதல் என்று பொய்யாக ஒரே ஒரு அளவீடு கொடுங்கள். வந்த மாற்றத்தை வரைந்து பாருங்கள்: நடுவில் வெப்பம் குமிழாக எழுந்து, சில நூறு கிலோமீட்டரில் தேய்ந்து, அதைச் சுற்றிக் காற்று வளையமாகத் திரும்பியிருக்க வேண்டும். குமிழ் உங்கள் வரைபடம் முழுக்கப் பரவியிருந்தாலோ, காற்று அசையாமல் இருந்தாலோ, உண்மைத் தரவை உள்ளே விடாதீர்கள். இந்த ஒரு படம் ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றும்.

படி 8: நேரத்தையும் சேர்த்துக்கொள்வது

மேலே சொன்னது முப்பரிமாண முறை, ஆறு மணி நேரத் தரவை எல்லாம் நடு நேரத்தில் வந்ததாகப் பாவித்துக்கொள்ளும். நாற்பரிமாண முறை, அதாவது 4டி-வார், அளவீடு வந்த அந்தந்த நிமிடத்தையே மதிக்கும். ஐரோப்பிய மையம் 1997 நவம்பரில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் ரசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஈரப்பத சேனல் காற்றை அளப்பதில்லை. ஆனால் 9 மணிக்கு ஈரத் திட்டு ஒன்று இங்கே தெரிகிறது, 10 மணிக்கும் 11 மணிக்கும் மாடல் சொன்னதை விடக் கிழக்கே தள்ளித் தெரிகிறது என்றால், மாடல் அந்த மூன்று படத்தோடும் ஒத்துப்போக ஒரே வழி தொடக்கத்தில் மேற்குக் காற்றைக் கூட்டுவதுதான். ஈரத்தை அளந்து காற்றைத் திருத்திவிட்டோம்! பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தனக்குத் தெரியும் பூமியின் முகம் முழுவதையும் படம் பிடிக்கும் ஜப்பானின் ஹிமாவாரி போன்ற புவிநிலைக் கோள்களின் அருமை இந்த முறையில்தான் முழுசாகத் தெரிகிறது.

வீட்டுக் கணினிக்கு 4டி-வார் பாரம். முப்பரிமாண முறையோடு, முடிந்தால் இருபது முப்பது இணை ஓட்டங்களிலிருந்து அன்றன்றைய பிழைக் கணக்கையும் எடுத்துக் கலந்துகொள்ளும் கலப்பு முறைக்குப் போகலாம்.

படி 9: ஓட்டம், ஒப்பீடு

இரண்டு ஓட்டங்கள் வேண்டும். ஒன்றில் செயற்கைக்கோள் தரவு உண்டு, இன்னொன்றில் இல்லை, மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றே. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தரவைச் சேர்த்து, அடுத்த ஆறு மணி நேரம் ஓட்டி, அந்த விடையையே அடுத்த ஊகமாக வைத்து, குறைந்தது ஒரு மாதம். அழகான புயல் ஒன்றை எடுத்து, தரவு சேர்த்ததும் பாதை நன்றாக வந்தது என்று காட்டி முடித்துவிடும் ஆய்வறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு புயலில் வெல்வது நாணயம் சுண்டுவது மாதிரி.

ஒரு நிகழ்வு பேசவே பேசாது என்றும் சொல்லிவிட முடியாது. 2012 அக்டோபர் 29இல் சாண்டி புயல் வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் திரும்பி நியூ ஜெர்சியில் கரையேறியது. ஐரோப்பிய மையம் அதை நாள்கள் முன்னதாகவே சொல்லியிருந்தது. பிறகு துருவச் சுற்றுப்பாதைக் கோள்களின் தரவை மட்டும் எடுத்துவிட்டு அதே கணிப்பை ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்து நாள் முன்கூட்டிய கணிப்பில் புயல் கடலிலேயே தங்கிவிட்டது. இங்கே ஒரு மையத்தின் முழு அமைப்பே முன்னால் நிரூபிக்கப்பட்டிருந்தது, அதனால் அந்த ஒற்றைச் சோதனைக்கு மதிப்பு.

ஒப்பிடும்போது உங்கள் மாடலின் சொந்தத் தொடக்க நிலையை உண்மை என்று வைத்து ஒப்பிடாதீர்கள், முதல் இரண்டு நாள்களில் அது தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் போடுவது போல. பலூனோடு ஒப்பிடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஐந்தாம் நாள் கணிப்பு இல்லை, ஆறு மணி நேர ஊகம்: செயற்கைக்கோள் சேர்த்த ஓட்டத்தின் ஊகம் பலூனுக்கு முன்பை விட நெருங்கியிருக்கிறதா? வெப்பத்திலும் காற்றிலும் ஈரத்திலும் அது நெருங்கியிருந்தால் ஐந்தாம் நாளும் பெரும்பாலும் நன்றாக வரும். நெருங்காமல் ஐந்தாம் நாள் மட்டும் நன்றாக வந்திருந்தால் அது அதிர்ஷ்டம், கொண்டாட வேண்டாம்.

இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவு மாடல்கள் வந்துவிட்டனவே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கிராஃப்காஸ்ட், பாங்கு-வெதர் எல்லாம் படித்து வளர்ந்தது ஈரா5 என்ற மறுஆய்வுத் தொகுப்பை (கடந்த ஆண்டுகளின் வானிலையை மாடலும் அளவீடும் சேர்த்து மறுபடி கணக்கிட்டது), அதுவே 4டி-வாரில் இத்தனை கோள்களின் தரவையும் கரைத்துச் செய்தது. அவை ஓடத் தொடங்குவதற்கான தொடக்க நிலையும் இந்த வழியாகத்தான் வருகிறது. அளவீட்டிலிருந்து நேரடியாகவே கணிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன, ஆனால் மேகமும் சாய்வும் அங்கேயும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கணிப்பு மோசமானால்

முதல் முறை பெரும்பாலும் மோசமாகத்தான் ஆகும். தேடும் வரிசை இது. மேலடுக்கு சூடேறுகிறதா அல்லது குளிர்கிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் மாடல் உச்சியும் உயரச் சேனல்களும். திருத்தத்துக்குப் பின்னும் ஓ மைனஸ் பியின் நடு பூஜ்யத்தில் இல்லையென்றால் வார்பிசி இன்னும் நிலைகொள்ளவில்லை, மேலும் இரண்டு வாரம் ஓட்டுங்கள். நடு பூஜ்யத்தில் இருந்தும் மணி வடிவத்தின் குளிர்ப் பக்கம் மட்டும் வால் நீண்டிருந்தால் அகச்சிவப்பில் மேகம் நழுவி வந்திருக்கிறது, சோதனையை இறுக்குங்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் கணிப்பு தேறவில்லையா? கோளுக்குக் கொடுத்த பிழையை ஒன்றரை மடங்காக்கி, ஒரே ஒரு கோளோடு, ஒரே ஒரு சேனலோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். 6ஆவது சேனலில் தொடங்கினால் நல்லது; சமவெளியிலும் கடலிலும் தரை அதற்கு ஏறக்குறைய தெரியாது, மாடலின் உச்சியும் தொலைவில்.